12 அடி ரோடு, 8 அடி லாரி



நம் பிள்ளைப்பாக்கத்தில் எங்கே திரும்பினாலும் கன்டெய்னர் லாரிதான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் செய்ய ஆரம்பித்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிசான், 2012-ல் டைம்லர் லாரித் தொழிற்சாலை. நம் ஊரிலேயே சிப்காட் இருக்கிறது. உதிரி பாகம் வரவும், செய்த கார் துறைமுகம் போகவும் பெரிய வண்டி வேண்டும். அதனால் பல வீடுகளில் சோறு வேகிறது. எங்கள் வீட்டிலும்தான். என் சித்தப்பா டிரெய்லர் ஓட்டுகிறார்.

மெயின் ரோட்டில் பெரிய வண்டிக்குக் கஷ்டமில்லை. ஊர் ரோட்டில்தான் வம்பு. போன ஆடி மாதம் ஒரு டிரெய்லர் திரும்பும்போது அதன் பின்சக்கரம் என் தம்பி சைக்கிள் மேல் ஏறிவிட்டது. அவன் குதித்துத் தப்பினான். முழங்கையில் நான்கு தையல். அன்றிலிருந்து அம்மா அவனை சைக்கிளில் அனுப்புவதில்லை.

நானும் தம்பியும் டேப் பிடித்து அந்த ரோட்டை அளந்தோம். தார் போட்ட இடம் 12 அடி. கன்டெய்னர் அகலம் 8 அடி. மீதி 4 அடி, அதாவது பக்கத்துக்கு 2 அடி. சைக்கிள் ஹேண்டில்பாரே கிட்டத்தட்ட 2 அடி! எதிரே இன்னொரு லாரி வந்தால் 16 அடி வேண்டும். அப்போது ஒரு வண்டி மண்ணில் இறங்கும். அந்த மண்ணில்தான் நாம் பள்ளிக்கு நடந்து வருகிறோம்.

இது நம் ஊர்ச் சங்கடம் மட்டுமல்ல. அமெரிக்காவின் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வண்டி, பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 8 அடி. அங்கே ரோடு அகலம். அதையே ஐரோப்பாவில் குதிரை வண்டிக் காலத்துத் தெருவுக்குள் ஓட்டினால் திண்டாட்டம்தான். நம் ஊர் ரோடும் மாட்டு வண்டித் தடம்தானே!

லீவில் வந்த சித்தப்பாவிடம், "ஏன் சித்தப்பா, சைக்கிள் தெரியாதா?" என்று கேட்டேன். அவர் ஒரு ஸ்கேலை மேசை மூலையில் திருப்பிக் காட்டினார்.

"பாப்பா, முன்சக்கரம் போன தடத்துல பின்சக்கரம் வராது. உள்பக்கமா வெட்டிக்கிட்டு வரும். அதனால இடது பக்கம் திரும்பணும்னா, முதல்ல வலது பக்கம் ஒதுங்கித்தான் திரும்பணும். அப்போ இடது பக்கம் காலியா தெரியும். பசங்க அதுல நுழைஞ்சிடுறாங்க. உசரத்துல உக்காந்திருக்கேனா, இடது கதவுக்குக் கீழ யார் இருக்காங்கன்னே தெரியாது. அந்த மாதிரி திருப்பம் வந்தாலே வயித்தைக் கலக்கும்" என்றார்.

கீழே நமக்குப் பயம், மேலே அவருக்கும் பயம்!

நண்பர்களே, திரும்புகிற லாரியின் இடது பக்கம் எவ்வளவு இடம் இருந்தாலும் நுழையாதீர்கள். லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் தெரியவில்லையா? அவருக்கும் நம்மைத் தெரியாது. நின்றுவிடுங்கள். ஐந்து நிமிடம் தாமதமானால் வாத்தியார் திட்டுவார், அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி தொடங்கும் நேரமும் விடும் நேரமும் ஊர் ரோட்டுக்குள் பெரிய வண்டி வரக் கூடாது என்று அக்டோபர் 2 கிராம சபையில் மனு கொடுக்கலாம். எழுத நான் தயார். கையெழுத்துப் போட நீங்கள் தயாரா?

லாரியும் போகட்டும். என் தம்பியும் சைக்கிளில் வரட்டும்.



– பதினோராம் வகுப்பு மாணவி