கப்பலில் வீடு திரும்பினேன்

விரைவையே பெருமையாகக் கொள்ளும் காலம் இது. பிரயாணம் என்றதும் புறப்படும் இடமும் சேரும் இடமுமே நம் நினைவுக்கு வருகின்றன. நடுவே கிடக்கும் வழியை நாம் எண்ணுவதில்லை. நியூயோர்க்கில் இராப் போசனம் செய்தவர் மறுநாட் காலை இலண்டனிலே தேநீர் அருந்துகின்றார். இடையில் அத்திலாந்திக் சமுத்திரம் என ஒன்று கிடந்ததை, ஆசனத்தின் முன்னுள்ள சிறு திரையில் ஊர்ந்து செல்லும் விமானப் படத்தைக் கொண்டுதான் அவர் அறிகின்றார். இது விஞ்ஞானத்தின் பெருஞ் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் உடல் செல்லும் வேகத்தில் மனமும் செல்கின்றதா என்பது வேறு வினா.

எமது முந்திய தலைமுறையினருக்கு இவ்வினா எழவேயில்லை. 1950களில் மேற்படிப்புக்காக இலண்டன் சென்ற இலங்கை மாணவர் பலர் கொழும்புத் துறைமுகத்திலே கப்பலேறினர். ஏடன், சுயெஸ் கால்வாய், போட் செயிட் என ஏறக்குறைய மூன்று கிழமை கடலிற் கழியும். என் தாய்மாமனார் அவ்வாறு சென்றவர். ஏடனிலிருந்து ஒரு கடிதம், போட் செயிட்டிலிருந்து ஒரு கடிதம் என எழுதினார். பெட்டியிலிருந்து கம்பளிச் சட்டையை முதன்முதல் எடுத்தணிந்த நாளைக்கூடக் குறித்திருந்தார். ஊரைப் பிரிந்துவிட்டோம் என்பதை நாளுக்கு நாள் சிறிது சிறிதாக உணர்ந்தபடியே அவர் சென்றார்.

1958 ஒக்டோபரில் அத்திலாந்திக்கின் மேலே ஜெட் விமானச் சேவை தொடங்கியது. அதன்பின் பெருங்கப்பல்கள் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றன. 1967இல் சுயெஸ் கால்வாய் மூடப்பட்டு எட்டாண்டுகள் திறவாதிருந்தபோது எமது கடல்வழியும் தேய்ந்தது. நான் 1984இல் கட்டுநாயக்காவிலே விமானம் ஏறியவன். இருட்டிற் புறப்பட்டேன்; விடிந்தபோது ஊர் இல்லை. அந்தப் பிரிவை என் மனம் ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் சென்றன.

2024ஆம் ஆண்டு மே மாதத்தில் ரொறன்ரோவிலே என் அக்கா காலமானார். தாயை இளமையிலேயே இழந்த எங்களை வளர்த்தெடுத்தவர் அவர். இலண்டனிலிருந்து உடனே செல்வதற்கு விமானம் உதவியது, அதற்கு நன்றியுடையேன். செத்தவீடு, எட்டுச் செலவு, அந்தியேட்டி என முப்பத்தொரு நாளும் வீடு நிறைய ஆட்கள். வந்தோரை உபசரிப்பதும், பழைய உறவினரை இனங்காண்பதும், செலவுக் கணக்குப் பார்ப்பதுமாக நாட்கள் போயின. அழுவதற்குக்கூட ஓய்வு கிடைக்கவில்லை. திரும்பும் வேளை வந்தது. அக்காவையும் ஓரிரவிலே பின்னே விட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை. கப்பலில் வருவதாக மகளுக்குத் தொலைபேசியிற் சொன்னேன். "ஏழு மணித்தியாலத்தில வாற இடத்துக்கு ஏழு நாளோ அப்பா?" என்றாள். "ஓம் பிள்ளை, ஏழு நாள்தான்" என்றேன். அவள் மறுத்து ஒன்றும் பேசவில்லை.

ரொறன்ரோவிலிருந்து புகையிரதத்தில் நியூயோர்க் வந்து, புரூக்ளின் துறையிலே 'குயீன் மேரி 2' கப்பலில் ஏறினேன். பிரான்சிலே கட்டப்பட்டு 2004 தை மாதத்தில் முதற் பயணம் சென்ற இக்கப்பலின் நீளம் 345 மீற்றர். உல்லாசக் கப்பல் வேறு, சமுத்திரம் கடக்கும் கப்பல் வேறு என்பதை அங்கேதான் அறிந்தேன். முன்னது நல்ல காலநிலையைத் தேடிச் செல்வது. பின்னது குறித்த நாளிற் குறித்த துறையை அடைவதற்காக எதிர்வரும் அலையைப் பிளந்து செல்வது. ஆதலால் அதன் உருக்குத் தகடுகள் தடித்தவை. முன்பகுதி நீண்டு கூரியது. உயிர்காப்புப் படகுகள் பேரலை எட்டாத உயரத்திலே தொங்குகின்றன.

மாலையிற் கப்பல் புறப்பட்டது. சுதந்திர தேவியின் சிலை ஒரு புறமாகப் பின்தங்கியது. வெரசானோ பாலத்தை அண்மியபோது புகைபோக்கி இடித்துவிடும் என்றே தோன்றியது. அப்பாலத்தை மனத்திற் கொண்டே புகைபோக்கியின் உயரம் வரையறுக்கப்பட்டதாம். பாலம் தலைக்குமேலே கடந்து போக, முன்னே கடல் ஒன்றே எஞ்சியது.

1952இல் 'யுனைற்றட் ஸ்ரேற்ஸ்' என்னும் கப்பல் மூன்றரை நாளுக்குள் இச்சமுத்திரத்தைக் கடந்தது. இன்றைய கப்பலுக்கு ஏழு இரவுகள். இது பின்னடைவு அன்று. கப்பலின் வேகத்தை இருமடங்காக்க வேண்டுமாயின் இயந்திர வலுவை ஏறக்குறைய எண்மடங்காக்க வேண்டும். அவசரப்படுவோர் யாவரும் விமானத்துக்குப் போய்விட்டபின், அத்துணை எரிபொருளை யாருக்காக எரிப்பது?

நியூயோர்க் நேரத்துக்கும் இலண்டன் நேரத்துக்கும் ஐந்து மணித்தியால வேறுபாடு உண்டு. விமானத்தில் வருவோர் அதனை ஒரே இரவில் இழந்து, சில நாட்கள் உறக்கங் கெட்டு அலைவர். கிழக்கு நோக்கிச் செல்லும் கப்பலிலோ, ஐந்து நாட்கள் நண்பகலில் மணிக்கூட்டை ஒவ்வொரு மணித்தியாலம் முன்னே தள்ளுகின்றனர். அந்நாட்களுக்கு இருபத்து மூன்று மணித்தியாலமே. ஒவ்வொரு நண்பகலும் மணிக்கூட்டைத் திருப்பும்போது, அக்காவின் வீட்டு நேரம் என்னை விட்டு ஒரு மணித்தியாலம் விலகியது. முதல் நாள் அது வலித்தது. ஐந்தாம் நாள் என் கை தானாகவே திருப்பியது.

கப்பலிலே நாய், பூனைகளுக்கும் தனியிடம் உண்டு. அங்கே நியூயோர்க் வீதிகளில் உள்ளதுபோன்ற தீயணைப்பு நீர்க்குழாய் ஒன்றும், இங்கிலாந்தின் வீதி விளக்குக் கம்பம் ஒன்றும் நாய்களின் வசதிக்காக நிறுத்தப்பட்டுள்ளன! உணவு மேசையில் என் அருகிருந்த ஆங்கில மூதாட்டி, கணவர் இறந்தபின் நாற்பதாண்டு அமெரிக்க வாழ்வை முடித்துக்கொண்டு, ஒரு கிழப்பூனையோடு தாய்நாடு திரும்பிக்கொண்டிருந்தார். "பூனைக்காகவே கப்பலில் வருகின்றேன்" என்பார். நாலாம் நாள், "உண்மையில் எனக்காகவுந்தான்" என்றார். நான் அக்காவைப்பற்றிச் சொன்னேன். நாங்கள் அதிகம் பேசவில்லை.

மூன்றாம் நாள் நியூபவுண்லாந்துக்குத் தெற்கே மூடுபனி சூழ்ந்தது. வெப்பமான வளைகுடா நீரோட்டமும் குளிர்ந்த லாபிறடோர் நீரோட்டமும் சந்திக்கும் அக்கடலில் இது வழக்கம். கப்பலின் ஊதல் நீண்டு நீண்டு ஒலித்தது. ஊதல்களுள் ஒன்று, 1936இற் சேவைக்கு வந்த பழைய 'குயீன் மேரி'யிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டதாம். 1912 ஏப்பிரலில் 'ரைற்றானிக்' ஆயிரத்தைந்நூறு உயிர்களோடு அமிழ்ந்ததும் இக்கடற்பகுதியிலேதான்.

என் எண்ணமோ வேறொரு படகைப் பற்றியது. 1986 ஓகஸ்டில், மேற்கு ஜெர்மனியிலிருந்து எம்மவரை ஏற்றிவந்த சரக்குக் கப்பலொன்று, நூற்றைம்பதுக்கு மேற்பட்ட அவர்களை இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இறக்கிவிட்டுப் போயிற்று. மூடுபனியிலே திசையறியாது மிதந்தவர்களை நியூபவுண்லாந்து மீனவர் கண்டு மீட்டனர். தலைக்குமேலே தொங்கிய உயிர்காப்புப் படகுகளை அண்ணாந்து பார்த்தேன். அத்தகைய இரண்டிலேதான் அத்தனை பேரும் இருந்தனர். அவர்கள் கடல்வழியைத் தெரிவு செய்தவர்கள் அல்லர். நான் தெரிவு செய்தேன். மெதுவாகச் செல்லும் உரிமை எவ்வளவு பெரிய செல்வம் என்பது அப்போது விளங்கியது.

அதற்கும் முன்னர் எம்மவர் இச்சமுத்திரத்தைத் தலைநிமிர்ந்து கடந்ததும் உண்டு. அமெரிக்கர் ஒருவர் வாங்கிய, வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளால் செலுத்தப்பட்டு, 1938 ஓகஸ்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறையைச் சேர்ந்தது. அக்கதையைச் சிறு வயதில் எனக்குச் சொன்னவர் அக்காதான். பனியினூடே அது நினைவுக்கு வந்தது. முப்பத்தொரு நாளும் வராத கண்ணீர் அப்போது வந்தது. மேற்றட்டில் யாருமில்லை, ஊதல் மாத்திரம் ஒலித்துக்கொண்டிருந்தது.

கடல் ஆறுதல் சொல்லும் என்று நான் சொல்லமாட்டேன். அது எவருக்கும் எதுவும் சொல்வதில்லை. அது தருவது காலம் ஒன்றையே. எட்டாம் நாள் அதிகாலையில் வைற் தீவின் விளக்குகள் தோன்றி, சவுதாம்ரன் துறையில் இறங்கியபோது, வந்து சேர்ந்தவன் முழு மனிதனாக இருந்தேன். எதனையும் நடுவழியில் விட்டு வரவில்லை.

கப்பற் பிரயாணம் யாவருக்கும் ஏற்றதென்று சொல்வதற்கில்லை. விடுமுறை குறைந்தோருக்கும், கடல் ஒவ்வாதோருக்கும் அது துன்பமே. செலவும் விமானத்திலும் மலிவன்று. காற்றை மாசுபடுத்துவதிற் கப்பல் குறைந்தது என்று எண்ணுவதும் தவறு. ஓர் ஆளுக்கு எரியும் எரிபொருள் விமானத்திலும் பார்க்கக் கூடியதே. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

ஆயினும், பிரிவொன்றின் பின்னே வீடு திரும்புவோர் சிறிது நீண்ட வழியைத் தேடிக்கொள்வது நன்று. கப்பல் கிட்டாவிடிற் புகையிரதம் போதும். அதுவும் இல்லையேல் ஒரு நீண்ட நடை போதும். மாணவராயுள்ள இளைஞர்கள் நாளை தொலைதேசங்களுக்குப் பறந்து போவர், போகவேண்டியதே. ஆனால் பூமிப்படத்தில் ஒரு விரற்கடை நீலமாகக் காணப்படும் சமுத்திரம், கடப்பவனுக்கு ஏழு பகலும் ஏழு இரவும் ஆகும் என்பதை அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். தூரத்தை அறிந்தவனே, தூரத்திலுள்ளோரை நினைக்கும் முறையையும் அறிவான்.