மணப்பாட்டில் ஒரு ‘எனக்கு வேணும்’

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் பஸ். ஜன்னல் சீட், காதில் இயர்போன். மூன்று வாரமாக ஒரு ஆப்பில் ஸ்பானிஷ் படிக்கிறேன். ஆபீஸில் ‘லா லிகா’ கால்பந்துச் செய்திகள் என் தலையில்தான் விழுகின்றன, அதனால். அன்றைய பாடம், ‘கியேரோ’. ‘கியேரோ அகுவா’ என்றால் எனக்குத் தண்ணீர் வேணும். ‘தே கியேரோ’ என்றால் உன்னை நேசிக்கிறேன். அதே சொல் கொஞ்சம் உருமாறி ‘கியேரே தெசிர்’ ஆனால், ‘என்று அர்த்தம்’. மூன்று முறை தப்பாக அழுத்திவிட்டு ஆப்பை மூடினேன்.

திருச்செந்தூரைத் தாண்டி மணப்பாடு. கடலோர மணல் குன்று, மேலே திருச்சிலுவை ஆலயம், கீழே அலை ஓரம் ஒரு குகை. 1542-ல் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை என்கிறார்கள்.

சவேரியார் இன்றைய ஸ்பெயினில் இருக்கும் நவார்ராவில் பிறந்தவர். தாய்மொழி பாஸ்க். அவர் பேச்சு பரதவர்களுக்குப் புரியவில்லை. தமிழ் அவருக்குப் புரியவில்லை. இரண்டு பக்கமும் ஓரளவு தெரிந்த ஊர்க்காரர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

1544-ல் உடன் பணியாற்றிய மன்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு திருத்தம் சொல்கிறார். ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய விசுவாசப் பிரமாணத்தில், ‘எனக்கு வேணும்’ என்று சொல்லி வந்திருக்கிறார்கள்! ‘வேணும்’ என்பது ஆசைப்படுவது, இனி அந்த இடத்தில் ‘விசுவாசம்’ என்று சொல்லுங்கள் என்கிறார். நம் ‘எனக்கு வேணும்’ அந்தக் கடிதத்தில் ஐரோப்பிய எழுத்தில் அப்படியே இருக்கிறது.

பிள்ளைகள் சத்தமாக ஒப்பித்த வரி அது. அவர்களுக்குத் தமிழ் தெரியுமே! ‘என்ன வேணும்?’ என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையா? யாரோ கேட்டதால்தான் திருத்தினாரா? குகை வாசலில் உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்பானிஷில் ‘நம்புகிறேன்’ என்பதற்கு ‘கிரேயோ’. வேகமாகச் சொன்னால் ‘கியேரோ’வுக்குப் பக்கத்தில் வந்துவிடும். போர்ச்சுகீசியத்திலும் அதே நெருக்கம்தான். மொழிபெயர்த்தவர் காதில் மாறி விழுந்திருக்கலாம்; இது என் ஊகம். என்னாலேயே ஆப்பில் பிரித்துக் கேட்க முடியவில்லை, பாவம் அவர்.

தவிர, நம் ‘வேண்டும்’ மட்டும் லேசுப்பட்டதா? சாமியிடம் வேண்டுகிறோம், கடையில் அரை கிலோ வேண்டும் என்கிறோம். பிடிக்காத ஆள் வேண்டாதவர்.

திரும்பும் வழியில், வீட்டு வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் என்னை நிறுத்தினார்.

“யாருக்கு வேண்டிய பிள்ளைம்மா நீ?”

“யாருக்கும் இல்ல ஆச்சி. சும்மா ஊரைப் பார்க்க வந்தேன்.”

“அதுக்கென்ன? உள்ள வா, சாப்பிட்டுட்டுப் போ.”