இஸ்மிர் நகரின் உதைபந்தாட்ட மங்கையர்

துருக்கி நாட்டின் மேற்குக் கரையிலே, ஈஜியன் கடல் நிலத்தினுள் நெடுந்தூரம் புகுந்து அமைத்த குடாவொன்றின் ஓரத்தில், இஸ்மிர் என்னும் மாநகர் அமைந்திருக்கிறது. பழைய நூல்களிற் சிமிர்ணா என்று பேர்பெற்ற நகரம் இதுவே. மகாகவி ஹோமர் தங்கள் மண்ணிலேயே பிறந்தாரென உரிமை கொண்டாடும் ஊர்கள் பலவற்றுள் இதுவும் ஒன்று. இஸ்தான்புல், அங்காரா ஆகிய இரண்டுக்கும் அடுத்தபடியாக அந்நாட்டின் மூன்றாவது பெருநகரமாக இது விளங்குகின்றது.

இந்நகரின் நடுநாயகமாக உள்ள பகுதிக்குக் கொனாக் என்று பெயர். அங்குள்ள கடலோரச் சதுக்கத்தில், வெண்பளிங்கில் நுண்ணிய வேலைப்பாடுகளோடு ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கின்றது. அதன் உயரம் 25 மீற்றர். சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அரியணை ஏறிய இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடுமுகமாக 1901ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. அடியிலே நீரூற்றுகள்; சுற்றிலும் புறாக்கூட்டம். எள்ளுத் தூவிய வளைய ரொட்டிகளைத் தட்டில் அடுக்கி விற்பவர்கள் குரல் கொடுக்கிறார்கள். இதே ரொட்டியை மற்றைய துருக்கியர் 'சிமித்' என்பார்கள். இஸ்மிர்வாசிகளோ 'கெவ்ரெக்' என்றே சொல்வார்கள். பெயர் மாறினால் ருசியும் மாறிவிடும் என்பது போல, அதில் அவர்களுக்கு ஒரு பிடிவாதம்!

இஸ்மிருக்கு வருவோரிற் பெரும்பாலார் அருகிலுள்ள எபேசு நகரின் இடிபாடுகளைக் காணவே வருகின்றனர். நானும் அவற்றைக் கண்டேன், வியந்தேன். ஆனால் என் உள்ளத்தை உறுத்திக்கொண்டிருந்த விடயம் வேறு. இந்தக் கொனாக் பகுதியின் நகரசபைப் பெயரைத் தாங்கிய பெண்கள் உதைபந்தாட்ட அணியொன்று, துருக்கியின் மகளிர் சம்பியன் பட்டத்தைத் தொடர்ந்து ஐந்து முறை கைப்பற்றியது என்று படித்திருந்தேன். அஃது எவ்வாறு கைகூடிற்று என்பதை அந்த மண்ணிலே நின்று அறிய வேண்டுமென்பது என் விருப்பம்.

அதனை அறிய வேண்டுமாயின் முதலிற் போர்னோவாவுக்குச் செல்லவேண்டும். இன்று நகரத்தோடு ஒன்றிவிட்ட அவ்விடம், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆங்கில வணிகக் குடும்பங்கள் வாழ்ந்த தோட்டப் புறநகராக இருந்தது. உலர்ந்த திராட்சையும் அத்திப்பழமும் கப்பலேற்றிச் செல்வம் சேர்த்த குடும்பங்கள் அவை. அவர்களுள் விற்றல் என்னும் குடும்பத்தார் வாழ்ந்த மாளிகை இன்று ஏகே பல்கலைக்கழகத்தின் நிருவாகக் கட்டடமாக இருக்கிறது. துருக்கி மண்ணில் உதைபந்து முதன்முதலாக உருண்டது இத்தகைய குடும்பங்களின் பிள்ளைகள் விளையாடிய புல்வெளிகளிலேதான். 1906இல் அதென்ஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவிற் சிமிர்ணாவின் பெயரால் ஓர் அணி ஆடி, டென்மார்க்குக்கு அடுத்ததாக இரண்டாமிடம் பெற்றது. அந்த அணியிலே விற்றல் குடும்பத்தினர் மட்டும் ஐவர் இருந்தனர்.

துருக்கிய இளைஞர்கள் அப்போது எங்கே நின்றார்கள் என வாசகர்கள் கேட்கக்கூடும். வேலிக்கு வெளியே நின்றார்கள் என்பதே விடை. அப்துல் ஹமீதின் ஆட்சியில் இளைஞர் பத்துப்பேர் ஓரிடத்திற் கூடினாலே ஒற்றர்களுக்கு ஐயம் பிறந்துவிடும். இஸ்தான்புல்லிலே புவாத் ஹுஸ்னு என்னும் இளைஞரும் அவர் தோழர்களும், துருக்கியர் என்பது தெரியாதிருக்கும்பொருட்டு 'கறுப்புக் காலுறை' என்ற ஆங்கிலப் பெயரோடு ஓர் அணியைக் கூட்டினார்கள். அதுவும் காவலரால் விரைவிற் கலைக்கப்பட்டது. ஆகவே, பந்தை உதைப்பது தகாத செயலென்று அந்நாட்டில் முதலிலே தடுக்கப்பட்டவர்கள் பெண்களல்லர், ஆண்களே! இந்த உண்மையைப் பின்னாளிற் பெண்களைத் தடுத்த ஆண்கள் நினைவில் வைத்திருந்ததாகத் தெரியவில்லை.

1908இல் அரசியலமைப்பு மீண்டும் நடைமுறைக்கு வந்தபின் துருக்கியரின் கழகங்கள் வெளிப்படையாகத் தழைத்தன. இஸ்மிரிலே கர்ஷியாக்கா 1912இலும், அல்தாய் 1914இலும் தோன்றின. அதே நகரிற் கிரேக்கர்களுக்கும் பனியோனியோஸ், அப்பொலோன் என்னுங் கழகங்கள் இருந்தன. பின்னர் வந்தது பெருந்துயரம். 1919இற் கிரேக்கப் படை இஸ்மிரில் இறங்கிற்று. 1922 செப்டெம்பர் 9ஆந் திகதி துருக்கியப் படை நகரை மீட்டது. நான்கு நாட்களின்பின் மூண்ட பெருந்தீ நகரின் பெரும்பகுதியைச் சாம்பராக்கிற்று. உயிர்தப்பிய கிரேக்க மக்கள் கப்பலேறினர். அவர்களோடு அவ்விரு கழகங்களும் அதென்ஸ் நகருக்குப் பெயர்ந்து, சிமிர்ணாவின் நினைவை இன்றளவுஞ் சுமந்துகொண்டிருக்கின்றன. வீடிழந்து வெளியேறிய மக்கள் தங்கள் பந்தாட்டக் கழகத்தைக் கைவிடவில்லை என்பதை எண்ணும்போது, விளையாட்டு வெறும் பொழுதுபோக்கன்று என்பது புலனாகின்றது.

புதிய குடியரசு பெண்களுக்குப் பல கதவுகளைத் திறந்தது. 1930இல் நகரசபைத் தேர்தலிலும், 1934இற் பாராளுமன்றத் தேர்தலிலும் வாக்குரிமை வழங்கிற்று. பெண்கள் வழக்கறிஞராயினர், நீதிபதிகளாயினர், விமானமும் ஓட்டினர். எனினும் உதைபந்தாட்ட மைதானத்தின் கதவு மாத்திரம் இறுகச் சாத்தியே கிடந்தது. சட்டம் தடுக்கவில்லை, "பெண்ணுக்கு இது அழகா?" என்ற ஒரு கேள்வியே தடுத்தது. சட்டத்தை ஒருநாளில் மாற்றலாம். அந்தக் கேள்வியை மாற்றத் தலைமுறைகள் வேண்டும்.

1970ஆம் ஆண்டுகளில் இஸ்தான்புல்லிலே 'தொஸ்த்லுக்' என்ற மகளிர் அணி தோன்றியது. அச்சொல்லுக்கு நட்பு என்பது பொருள். முறையான சுற்றுப்போட்டி எதுவும் இல்லாத காலத்திலே, கிடைத்த எதிரணிகளோடெல்லாம் அவர்கள் ஆடினார்கள். அந்த அணியின் இலக்குக் காப்பாளராக நின்ற லாலே ஓர்தா என்னும் மங்கை பின்னர் சர்வதேச நடுவராக உயர்ந்தார். 2022இல், ஆண்களின் போட்டிகளுக்கும் நடுவர்களை நியமிக்கின்ற மத்திய குழுவுக்கே தலைவியானார். ஒரு வாயிலைக் காத்தவர் எத்தனை வாயில்களைத் திறந்துவிட்டார், பார்த்தீர்களா!

1993இலேயே மகளிருக்கான தேசியச் சுற்றுப்போட்டி தொடங்கிற்று. 1995 செப்டெம்பர் 8ஆந் திகதி துருக்கிய மகளிர் தேசிய அணி தன் முதற் சர்வதேசப் போட்டியை இஸ்தான்புல்லில் ஆடியது. எதிரணி ருமேனியா. விளைவு எட்டுக்குச் சுழி என்ற கணக்கிலே தோல்வி. ஆனால் நடக்கப் பழகும் குழந்தை விழுவதைக் கண்டு, இதற்குக் கால் எதற்கு என்று எவரேனும் கேட்பதுண்டா?

அவ்வாறு கேட்டவர்களும் இருந்தார்கள் போலும். 2003இல் மகளிர் சுற்றுப்போட்டி நிறுத்தப்பட்டது. 2006 வரை அது மீண்டும் நடைபெறவில்லை. வரலாற்று நூலில் இச்செய்தி ஒற்றை வரியில் அடங்கிவிடும். நானும் அதனை அவ்வாறே படித்துக் கடந்திருப்பேன், கர்ஷியாக்காவுக்குச் செல்லும் கடத்துப்படகிலே ஒரு முதிய அம்மையாரைச் சந்தித்திராவிட்டால்.

அவர் இளைப்பாறிய பள்ளி ஆசிரியை, ஆங்கிலம் கற்பித்தவர். நானும் ஆசிரியனென்று அறிந்ததும், உறவினரைக் கண்டவர்போல் மகிழ்ந்து, வளைந்த இடையுள்ள சிறு கண்ணாடிக் குவளையில் எனக்கும் தேநீர் வாங்கித் தந்தார். அருகிலே ஒன்பது வயதுப் பேத்தி. அவள் மடியில் ஒரு பந்து. பேச்சு இயல்பாகவே அந்தப் பந்தின்மேற் சென்றது.

"இவளுடைய தாயும் ஆடியவள்தான்" என்றார் அம்மையார். "2003இல் அவளுக்குப் பதினைந்து வயது. ஓர் அணியோடு பயிற்சி செய்துகொண்டிருந்தாள். போட்டிகள் நின்றுவிட்டன என்றார்கள். அடுத்த ஆண்டு நடக்குமென்று காத்திருந்தாள். அதற்கடுத்த ஆண்டும் காத்திருந்தாள். மீண்டும் தொடங்கியபோது அவளுக்கு வயது பதினெட்டு, பல்கலைக்கழகம் புகுந்துவிட்டாள். அவளுடைய சப்பாத்துகள் நெடுநாள் எங்கள் அலுமாரியிற் கிடந்தன. நீங்களும் ஆசிரியரல்லவா? பதினைந்துக்கும் பதினெட்டுக்கும் இடையில் ஒரு பிள்ளைக்கு மூன்று ஆண்டு என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை."

எனக்கு மறுமொழி வரவில்லை. மேலதிகாரிகளுக்கு மூன்று ஆண்டு என்பது ஒரு கோவையைக் கட்டிவைத்துப் பின் அவிழ்க்கும் காலம். வகுப்பறையில் நிற்பவனுக்கோ, அது ஒரு பிள்ளையின் முழு வாழ்வையும் திசைதிருப்பிவிடும் காலம். மைதானத்தை ஒருநாள் மூடிப் பின்பு திறந்துவிடலாம். வெளியே காத்து நின்றவளின் வயதைத் திருப்பிக் கொடுக்க எவராலும் இயலாது.

மறுபடி தொடங்கிய சுற்றுப்போட்டியிலே வளர்ந்து மேலோங்கிய அணிகளுள் ஒன்றே கொனாக் பெலெதியேஸ்போர். 'பெலெதியே' என்றால் நகரசபை. துருக்கியில் நகரசபைகள் தத்தம் பெயரால் விளையாட்டுக் கழகங்களை நடத்துவது வழக்கம். பெரும் கழகங்களும் தனவந்தரும் மகளிர் ஆட்டத்தை ஏறெடுத்தும் பாராத காலத்தில், குப்பை அள்ளவும் தெருவிளக்கு ஏற்றவும் பொறுப்பான நகரசபையே பெண்களின் கையிற் பந்தையுங் கொடுத்தது. 2012-13ஆம் பருவத்திற் கொனாக் மங்கையர் முதன்முறையாகச் சம்பியனாயினர். அதன்பின் 2016-17 வரை, தொடர்ச்சியாக ஐந்து பருவங்களிலும் அப்பட்டம் அவர்களை விட்டு நீங்கவில்லை.

அவர்களின் புகழ் நாட்டெல்லையையுங் கடந்தது. 2013-14ஆம் பருவத்தில் ஐரோப்பிய மகளிர் சம்பியன் கிண்ணப் போட்டியிலே போலந்து நாட்டு ராசிபோர்ஸ் நகரத்து அணியை வென்று, இறுதிப் பதினாறு அணிகளுள் ஒன்றாயினர். அதற்குமுன் துருக்கிய மகளிர் அணி எதுவும் அப்படியை எட்டியதில்லை. அங்கே ஒஸ்ரியா நாட்டு நொய்லெங்பாக் அணியிடம் தோற்றுத் திரும்பினர். ஆனால் எட்டுக்குச் சுழி என்ற அந்த முதல் நாளுக்கும் இந்நாளுக்கும் இடைப்பட்டவை பதினெட்டு ஆண்டுகள் மாத்திரமே. அவற்றிலும் மூன்று ஆண்டுகள் வீணே கழிந்தவை.

ஆடுவோர் கதை இதுவாக, பார்ப்போர் கதையும் ஒன்றுண்டு. 2011ஆம் ஆண்டில் இஸ்தான்புல்லின் பெனெர்பாச்சே கழகத்து ஆண் இரசிகர்கள் மைதானத்திற் புகுந்து குழப்பம் விளைவித்தனர். பார்வையாளரின்றி ஆடவேண்டுமென்று தண்டனை விதிப்பது முன்னைய வழக்கம். இம்முறையோ, பெண்களும் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவரும் மாத்திரம் இலவசமாக வரலாமென அறிவித்தார்கள். செப்டெம்பர் 20ஆந் திகதி, இஸ்மிரின் அயலூரான மனிசாவின் அணியோடு நடந்த அப்போட்டிக்கு 41,000 பேருக்கு மேல் திரண்டனர்! வீரர்கள் அவர்களுக்கு மலர்களை வீசி வணங்கினர். ஆட்டம் ஒன்றுக்கொன்று என்ற சமநிலையில் முடிந்தது. பெண்களுக்கு இவ்விளையாட்டிலே விருப்பமில்லை என்று சொல்லிவந்தவர்களின் வாயை அந்த ஒரு மாலைப்பொழுது அடைத்துவிட்டது.

காலம் பின்னும் மாறிற்று. பெசிக்தாஷ் கழகத்தைத் தொடர்ந்து, 2021இற் பெனெர்பாச்சே, கலாதாசராய் ஆகிய பெருங்கழகங்களும் மகளிர் அணிகளைக் களமிறக்கின. 2023-24ஆம் பருவத்திற் கலாதாசராய் மங்கையர் சம்பியனாகி, அடுத்த பருவத்தில் ஐரோப்பியக் கிண்ணத்தின் குழுநிலைப் போட்டிகளிலும் ஆடினர். பணமும் பெயரும் வந்தன, பார்வையாளரும் பெருகினர். இது நன்றேயாம். ஆயினும், பெருமழை பெய்தபின் ஆற்றைப் புகழ்வோர் கோடையிலே நீர் தந்த கிணற்றை மறந்துவிடுதல் உலகியல்பு. 2017க்குப் பின் நடந்த பருவங்களிற் பட்டம் இஸ்தான்புல்லுக்கும், காசியான்தெப்புக்கும், அங்காராவுக்கும் சென்றதேயன்றிக் கொனாக்குக்குத் திரும்பவில்லை. எவரும் கவனியாத நாளில் ஐந்து முறை வென்றவர்களின் பெயர், எல்லாரும் கவனிக்கும் நாளிற் பேசப்படுவது அரிதாயிற்று.

நான் புறப்பட இருந்த மாலையில் மீண்டும் கொனாக் சதுக்கத்துக்குச் சென்றேன். பகல் வெப்பத்தைத் தணிக்கும் கடற்காற்று வீசிற்று. 'இம்பாத்' என்று அதற்கு ஒரு தனிப்பெயரே இவ்வூரில் உண்டு. மணிக்கூட்டுக் கோபுரத்தின் நிழல் கல் பாவிய தரையில் நீண்டு கிடந்தது. பத்து இளைஞர் கூடிப் பந்தடிக்க அஞ்சிய காலத்துச் சுல்தானின் பெருமைக்காக எழுந்த கோபுரம் அது. அதன் அடியிலே சிறுவர் நால்வரும் சிறுமியர் இருவரும் ஒரு பந்தைத் துரத்திக்கொண்டிருந்தனர். பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. நான் குனிந்து கையால் எடுக்க முனைந்தேன்.

ஒரு சிறுமி தன் காலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். கையால் அன்று, காலால் என்பது அவள் குறிப்பு. ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டுகளைக் கழித்தவன், அந்தக் குழந்தையின் கட்டளைக்குப் பணிந்து உதைத்தேன். பந்து சற்றுக் கோணலாகவே சென்றது. அவள் ஓடிச்சென்று அதனைத் தடுத்து, தன் ஆட்டத்துக்குத் திரும்பினாள். கோபுரத்து மணி ஆறு காட்டியது. அவளை வீட்டுக்கு அழைக்க எவரும் வரவில்லை. இருட்டுவதற்கு இன்னும் நேரமிருந்தது.