சிலை, சபா, சுடச்சுட அடை: அம்மாவுடன் ஒரு மார்கழி நாள்

மார்கழிக்கு ஊரிலிருந்து வந்த அம்மாவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். 1851-ல் தொடங்கியது; வெள்ளிக்கிழமை விடுமுறை. வெண்கலச் சிலைகள் கூடத்தில், திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். "கோயில்ல தள்ளிவிடுவாங்க. இங்க ஆற அமரப் பார்க்கலாம்டி!"

மாலையில் ஆட்டோ பிடித்து மயிலாப்பூர் சபா ஒன்றுக்குப் போனோம். பல சபாக்களில் பகல் கச்சேரிகளை இலவசமாகவே கேட்கலாம். மாலைக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். முதலில் கேன்டீன். அடை, அவியல், பிறகு ஃபில்டர் காபி.

வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சத்தை நின்றபடியே சாப்பிடுபவர் அம்மா. அன்று உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் அவியல் போடுங்க" என்று கேட்டு வாங்கினார்.

"கச்சேரி ஆரம்பிச்சிடும்மா..."

"ஆரம்பிக்கட்டுமே!"