மூன்றாம் மாடியில் சுரங்க ரயில்

ஷிபுயாவில் கின்ஸா லைன் சுரங்க ரயிலைப் பிடிக்கப் படி இறங்கினால் காரியம் ஆகாது, ஏற வேண்டும். டோக்கியோவுக்குப் புதிதாக வந்தவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். கீழ்த்தளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, யாரையாவது விசாரித்து, அவரும் விரலை மேலே காட்டிய பிறகுதான் திரும்பி வருவார்கள். ரயில் மூன்றாவது மாடியில் நிற்கும்.

இடம் அப்படி. ஷிபுயா ஒரு பள்ளத்தாக்கு. கிழக்கே மியாமசுஸகா, மேற்கே தோகென்ஸகா என்று இரண்டு மேட்டுத் தெருக்களும் சரிந்து வந்து சேருகிற அடிமடியில்தான் ஸ்டேஷன். 1938-இல் அயோயாமா பக்கத்திலிருந்து பாதையைக் கொண்டுவந்தபோது ரயிலைப் பள்ளத்தில் இறக்க வழியில்லை. அது தன் மட்டத்திலேயே வந்தது. தரைதான் அதை விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போயிற்று. மேட்டின் வயிற்றிலிருந்து வெளியே வந்து, சாலையை அந்தரத்தில் தாண்டி, நேரே ஒரு பெரிய கடைக்குள் புகுந்து நின்றது. அந்தக் கடையும் ரயில்காரர்களுடையதுதான். தோக்யூ குழுமத்தை வளர்த்த கோட்டோ கெய்தா, போட்டி நிறுவனங்களை ஒவ்வொன்றாக வளைத்துப் போட்டுக் கொள்ளைக்காரர் என்று பட்டப்பெயர் வாங்கியவர். ரயிலில் வருகிறவனை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதில் அவர் தெளிவாக இருந்திருக்கிறார்.

2000-களின் நடுவில் நான் தோயோகோ லைனில் மோட்டோசுமியோஷியில் குடியிருந்தேன். அலுவலகம் தோரானோமோனில். அதனால் காலையும் மாலையும் ஷிபுயாவில் வண்டி மாற வேண்டும். நான்கு நிறுவனங்களின் பல பாதைகள் கூடும் அந்த இடத்தில் எனக்கு வேண்டியது இரண்டுதான். தோயோகோ லைன் வந்து முடிவது இரண்டாவது மாடி, கின்ஸா லைன் புறப்படுவது மூன்றாவது மாடி. நடுவே கடை வழியாகக் கொஞ்சம் நடை, ஒரு மாடி ஏற்றம். கடை திறக்காத நேரத்திலும் இந்தப் பாதையில் மட்டும் கூட்டம் ஓடிக்கொண்டிருக்கும். யாரும் பேசமாட்டார்கள். காலணிச் சத்தமும், நுழைவுக் கதவுகளில் அட்டையை வைக்கும்போது எழும் ‘பிப், பிப்’ ஒலியும்தான். நிமிர்ந்து பார்க்காமலே எங்கே இடப்பக்கம் ஒதுங்க வேண்டும், எந்தத் தூணைத் தாண்டினால் எதிர்க்கூட்டம் மோதும் என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கும் தெரியும். அந்தப் பாதைதான் இல்லை.

தோயோகோ லைன் முனையத்தை அழகு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வரிசையாக வளைவு வளைவாய் ஒரு கூரை. ஜப்பானியர் அதைக் கமாபோகோ கூரை என்பார்கள். பலகையில் ஒட்டி வேகவைத்த மீன்விழுதைக் குறுக்கே வெட்டினால் கிடைக்கும் வடிவம் அது. அதன் கீழே நான்கு தண்டவாளங்கள் வந்து முட்டி நிற்கும். அதற்கு மேல் போக வழி கிடையாது. ரயில் வந்த திசையிலேயே யோகோஹாமாவுக்குத் திரும்ப வேண்டும்.

இதில் எங்களுக்கு ஒரு பெரிய லாபம் இருந்தது. முனையம் என்பதால் வண்டி காலியாகப் புறப்படும். நின்றால் இடம் கிடைக்கும். அதற்காகத் தரையில் இரண்டு வரிசைகளுக்குக் கோடு போட்டிருந்தார்கள். ஒன்று, இப்போது புறப்படும் வண்டிக்கு. மற்றது அதற்கு அடுத்த வண்டிக்கு. உட்கார்ந்து போக வேண்டும் என்றால் கண்முன் நிற்கும் வண்டியை விட்டுக்கொடுத்துவிட்டு இரண்டாவது வரிசையில் சேர வேண்டும். வண்டி கிளம்பியதும் இரண்டாவது வரிசை அப்படியே குலையாமல் பக்கவாட்டில் நகர்ந்து முதல் வரிசையாகிவிடும். யாரும் கத்துவதில்லை, யாரும் முந்துவதில்லை. துண்டு போட்டு இடம் பிடிக்கும் நாட்டிலிருந்து போனவனுக்கு இதைவிட வேறு நாடகம் வேண்டியிருக்கவில்லை. களைத்த மாலைகளில் எல்லோரும் அந்த இரண்டாவது வரிசைக்காரர்களே. பத்து நிமிடம் நின்றால் இருபது நிமிடம் தூங்கலாம் என்பது கணக்கு.

அந்தப் பத்து நிமிடமும் வேண்டாம் என்கிற நாளில் கடைக்குள் போய்விடுவேன். தோயோகோ கடை 1934-இல் தொடங்கியது. முதலில் கட்டிய கிழக்குக் கட்டடத்துக்குக் கீழ்த்தளமே கிடையாது. ஏனென்றால் அதன் அடியில் ஷிபுயா ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றை மூடி அதன்மேல் கடை எழுப்பியிருந்தார்கள். துணியும் பாத்திரமும் பார்த்துக்கொண்டு நடப்பவர்களில் எத்தனை பேருக்குக் காலடியில் தண்ணீர் போவது தெரியுமோ! உணவுக் கடைகள் இருந்த கீழ்த்தளம் மேற்குப் பக்கம். கடை மூடும் நேரம் நெருங்கினால் ஊழியர்கள் தள்ளுபடிச் சீட்டை ஒட்டத் தொடங்குவார்கள். அதுவரை ஊறுகாய்ப் பெட்டிகளை ரசித்துக்கொண்டிருந்த கனவான்கள் எல்லாம் திடீரென்று ஒரே பக்கம் திரும்புவார்கள். நான் வாங்குவது பெரும்பாலும் இனாரி. இனிப்பாக வேகவைத்த டோஃபு உறைக்குள் அடைத்த சோறு. மறுநாள் காலைக்கும் ஆகும்.

அலுவலகத்தில் ஓய்வு பெறும் வயதில் ஒரு மூத்த சகா இருந்தார். ஷிபுயா என்றால் அவருக்கு ஒரே நினைவுதான். 1951-இல் கடையின் மொட்டைமாடியிலிருந்து எதிர்க்கட்டடத்தின் மாடிக்குக் குழந்தைகளுக்கென்று ஒரு கம்பிவடத் தொட்டி விட்டார்களாம். பெயர் ஹிபாரி, வானம்பாடி. யாமனோத்தே லைன் ரயில்களுக்கு மேலாக மிதந்து போகும். எதிர்ப்பக்கத்தில் இறங்க விடமாட்டார்கள். அப்படியே திரும்பி வந்துவிடும். 1953-இல் எதிர்க்கட்டடத்தை உயர்த்தியபோது அது நின்றுபோயிற்று. போருக்குப் பிறகு டோக்கியோவில் தான் பார்த்த முதல் ஆடம்பரம் அது என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். எங்கேயும் போகாத ஒரு பயணத்துக்கு அவ்வளவு பெருமை.

ஹாச்சிகோ சிலையைப் பற்றிச் சொல்லாமல் ஷிபுயாவை முடிக்க விடமாட்டீர்கள். 1925-இல் இறந்துபோன தன் எஜமானர் பேராசிரியர் உவேனோவுக்காக 1935 வரை ஸ்டேஷன் வாசலுக்கு வந்துகொண்டிருந்த நாய். நாய் உயிரோடிருக்கும்போதே 1934-இல் சிலை வைத்தார்கள். போர்க்காலத்தில் உலோகத்துக்காக உருக்கினார்கள். 1948-இல் மறுபடி வைத்தார்கள். ‘ஹாச்சிகோவிடம் சந்திப்போம்’ என்று சொல்லி அங்கே நிற்கும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு நடுவே நம் ஆளைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. நாங்கள் தெற்கு வாசலில் இருந்த மொயாய் கல்தலையின் அருகேதான் சந்தித்துக்கொள்வோம். நீஜிமா தீவுக்காரர்கள் 1980-இல் கொடுத்தது. ஆள் குறைவு.

எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமானது 2008 நவம்பரில் வந்தது. யாமனோத்தே லைனிலிருந்து இனோகாஷிரா லைனுக்குப் போகும் நடைவழியில் ஒகாமோதோ தாரோவின் ‘நாளைய புராணம்’ ஓவியத்தைப் பொருத்தினார்கள். முப்பது மீட்டர் நீளம். அணுகுண்டு வெடிக்கும் கணம். நடுவில் எரிந்துகொண்டே சிரிப்பது போல ஓர் எலும்புக்கூடு. 1960-களின் கடைசியில் மெக்சிகோவில் ஒரு ஹோட்டலுக்காக வரைந்தது. ஹோட்டல் திறக்கவே இல்லை. ஓவியம் காணாமல் போய், 2003-இல் அங்கேயே ஒரு கிடங்கில் அகப்பட்டது. காட்சிக்கூடத்தில் வைத்திருந்தால் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள். இங்கே அதற்கு முதுகைக் காட்டியபடி எல்லோரும் வண்டிக்கு ஓடுகிறார்கள். அது சரியான இடம் என்றே நினைக்கிறேன். ஃபுகுஷிமா விபத்து நடந்த 2011-இல் அதன் மூலையில் இளம் கலைஞர்கள் சிலர் உடைந்த அணு உலையின் படத்தை ஓசையின்றிச் சேர்த்துவிட்டுப் போனார்கள். அப்போதுதான் பலர் அந்தச் சுவரை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்கள்.

2013 மார்ச் 15, கமாபோகோ கூரையின் கடைசி இரவு. நானும் போயிருந்தேன். நடைமேடை முழுக்கக் கேமராக்கள். வழக்கமான பயணிகளைவிட வழியனுப்ப வந்தவர்கள் அதிகம். கடைசி வண்டி போனதும் பக்கத்து நிலையமான தைகான்யாமாவில் சுமார் 1,200 பேர் இறங்கி வேலை செய்தார்கள். முதல் வண்டிக்குள் தண்டவாளத்தையே மேலிருந்து சுரங்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். பொறியியல் என்ற முறையில் அதற்கு எழுந்து நின்று கைதட்டலாம். மறுநாள் முதல் தோயோகோ லைன் ஐந்தாம் கீழ்த்தளத்தில். கின்ஸா லைன் அதே மூன்றாவது மாடியில். ஒரு மாடி ஏற்றமாக இருந்தது ஒரே இரவில் ஏழு மாடி ஆகிவிட்டது. தாதாவோ அந்தோ வடிவமைத்த நிலையம், நல்ல காற்றோட்டம், எல்லாம் உண்மை. நகரும் படிக்கட்டுகளில் நின்று நின்று எங்களுக்குத்தான் பொறுமை போயிற்று.

ஆனால் அசல் மாற்றம் தூரத்தில் இல்லை. தோயோகோ வண்டிகளில் பல இப்போது ஷிபுயாவில் முடிவதில்லை. ஷிஞ்ஜுகு, இகேபுகுரோ வழியாகச் சைத்தாமா வரை ஓடுகின்றன. முன்பு எல்லோரும் இறங்கியே ஆக வேண்டியிருந்தது. இறங்கியதால் நடந்தார்கள், நடந்ததால் கடைக்குள் போனார்கள், வரிசையில் நின்றார்கள். இப்போது தூங்கிக்கொண்டே ஷிபுயாவைக் கடக்கலாம். எனக்குப் பிடித்த ஷிபுயா அந்த இறங்கும் கட்டாயத்தால் உண்டானது என்று இப்போது தோன்றுகிறது. பயணிகளுக்கு இது வசதி என்பதை நான் மறுக்கவில்லை. சைக்யோ லைன் நடைமேடைக்கு முன்பெல்லாம் அடுத்த ஊருக்கு நடப்பது போல நடப்போம். 2020-இல் அதை யாமனோத்தே பக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டார்கள். அதே ஆண்டு ஜனவரியில் கின்ஸா லைன் நடைமேடையும் கிழக்கே நகர்ந்தது. மார்ச் முடிவில் கடை மூடியது. பழைய கிழக்குக் கட்டடம் நின்ற இடத்தில் 47 மாடிக் கோபுரம். வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

ஹாச்சிகோ சதுக்கத்தில் ஒரு பச்சை ரயில்பெட்டி நின்றது நினைவிருக்கிறதா? தோயோகோ லைனில் ஒரு காலத்தில் ஓடிய பழைய வண்டி. பச்சைத் தவளை என்று செல்லப்பெயர். 2006-இல் கொண்டுவந்து வைத்தார்கள். மழைக்கு நான் ஒதுங்கியது அதில்தான். 2020-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். எடுத்துக் கொண்டுபோன ஊர், அகிதா மாநிலத்து ஒடாத்தே. ஹாச்சிகோ பிறந்த ஊர். அங்கிருந்து நாய்க்குட்டி ரயிலில் டோக்கியோ வந்தது. இங்கிருந்து ரயில்பெட்டி லாரியில் ஒடாத்தே போனது. அடுத்த முறை ஜப்பான் போனால் பார்த்துவிட்டு வருவதாக இருக்கிறேன். டோக்கியோவிலிருந்து நேர் வண்டி இல்லை. நடுவில் இறங்கி மாற வேண்டும்.