குடிகார நாயகிக்கு ஒரு சல்யூட்

‘ஜெசிகா ஜோன்ஸ்’ முதல் எபிசோடு பார்த்த கையோடு எழுதுகிறேன். 2015இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த மார்வெல் தொடர். பறக்கிற அங்கி, முகமூடி எதுவும் கிடையாது. நியூயார்க்கின் ஹெல்ஸ் கிச்சனில் துப்பறியும் வேலை பார்க்கும் ஒருத்தி. துப்பறிவது என்றால் பெரும்பாலும் கள்ளக்காதலைப் படம்பிடிப்பதுதான். சண்டைக்கு வந்த வாடிக்கையாளரை ஆபீஸ் கதவுக் கண்ணாடியோடு சேர்த்து வெளியே தள்ளுகிறாள். கதவை மாற்றக்கூடக் காசில்லை. காரைத் தூக்கி நிறுத்துகிற கைக்கு இந்த நிலைமை!

குடிக்கிறாள், எரிந்து விழுகிறாள். கிரிஸ்டன் ரிட்டர் அதை ஸ்டைலாக்காமல் நடித்திருக்கிறார். சொன்னதைச் செய்யவைக்கும் சக்தி கொண்ட கில்கிரேவ் அவளை முன்பு ஆட்டிப்படைத்தவன். அவன் நினைப்பு வந்து மூச்சுமுட்டும்போது, பழைய தெருக்களின் பெயர்களை வரிசையாக முணுமுணுத்துத் தன்னை நிதானப்படுத்திக்கொள்கிறாள். எனக்குப் பிடித்த இடம் அதுதான். இத்தனைக்கும் வில்லன் முகத்தை இன்னும் சரியாகக் காட்டவில்லை. டேவிட் டென்னன்ட்டின் குரலே போதுமாக இருக்கிறது.

அவன் திரும்பிவிட்டான் என்று தெரிந்ததும் சூப்பர்ஹீரோ செய்வது என்ன? ஹாங்காங்குக்கு டிக்கெட் போடுகிறாள். கார்டு ஏற்கவில்லை. கடன் கேட்டு, பேச்சுவார்த்தை அறுந்துபோன தோழி வீட்டுக்குப் போகிறாள்.

கொஞ்சம் மெதுவாகத்தான் நகர்கிறது, ஜெசிகாவின் பின்னணிக் குரலையும் குறைத்திருக்கலாம். ஆனால் கடைசிக் கட்டத்தில் லிஃப்டில் நடக்கிற அந்தக் காட்சி... பார்க்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன். முழுக்கப் பார்த்தவர்கள் கமெண்டில் கதையை உடைத்தால் பிளாக்தான்!