கொடுக்காப்புளியும் அவங்க அப்பனும்

போன வாரம் நல்ல மழைங்க. காட்டுக்குள்ள கால் வெச்சா முழங்கால் வரைக்கும் சேறு. வேலை ஓடல. சென்னையில வேலை பார்க்கிற பையன் லீவுல வந்திருந்தான். "அப்பா, ஒரு படம் போடறேன், சேவல்கட்டு எல்லாம் வருது, பாருங்க"ன்னு லேப்டாப்பைத் திண்ணையில வெச்சுட்டான். படம் பேரு 'ஆரண்ய காண்டம்'. பேரைப் பார்த்துட்டு ராமாயணம்னு நெனச்சு எங்க வீட்டுலயும் பக்கத்துல வந்து உக்காந்தாங்க. பத்து நிமிசம்கூட இருக்கல. அதுல வர்ற கெட்ட வார்த்தையைக் கேட்டுட்டு முறத்தை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டாங்க.

2011 ஜூன்ல வந்த படமாம். தியாகராஜன் குமாரராஜாவுக்கு முதல் படம். சென்சார்ல 52 இடத்துல வெட்டச் சொன்னாங்களாம், அதை எதிர்த்து மேல்முறையீடு போயித்தான் வெளிய வந்திருக்கு. தியேட்டர்ல ஓடல. அப்புறம் எடிட்டிங்குக்கு ஒண்ணு, முதல் பட டைரக்டர்னு ஒண்ணுன்னு ரெண்டு தேசிய விருது கெடச்சிருக்கு. நம்ம ஊர்ப் பக்கம் வந்துச்சா இல்லையான்னே எனக்கு ஞாபகம் இல்ல.

கதை ஒரே நாள்ல நடக்குது. சென்னையில சிங்கப்பெருமாள்னு ஒரு வயசான ரவுடி. இந்தி நடிகர் ஜாக்கி ஷெராப் நடிச்சிருக்கார். வயசாகி எல்லாம் தளர்ந்துபோச்சு, ஆனா தளர்ந்துட்டோம்னு ஒத்துக்க மனசில்ல. கோடிக்கணக்குல விலை போற கொக்கைன் பை ஒண்ணு தனியா கைக்கு வருதுன்னு கையாள் பசுபதி வந்து சொல்றான். அது கஜேந்திரன்கிற இன்னொரு ரவுடியோட சரக்கு. பெருசு தயங்குது. டொக்காயிட்டீங்களான்னு பசுபதி ஒரு வார்த்தை விட்டுடறான். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள அத்தனை தலை உருளுது.

கவனிச்சீங்களா, எல்லாம் மிருகப் பேரு. சிங்கம், பசு, யானை. காட்டுக் கதைங்கிறதால அப்படி வெச்சிருப்பாங்க போல. சப்பைன்னு ஒருத்தன் இருக்கான், அவனுக்கு மட்டும் மிருகப் பேருகூடக் கொடுக்கல.

சிரிப்பு எங்க வருதுன்னா, இவங்க கொலைக்குப் போற லட்சணத்துலதான். கார்ல போறாங்க. ஒருத்தன் ஒரு பொம்பளை எப்படிப்பட்டவன்னு கண்டுபிடிக்க ரஜினி பிடிக்குமா கமல் பிடிக்குமான்னு கேட்டாப் போதும்னு பாடம் எடுக்கிறான். மத்தவங்க பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி கேட்டுக்கிறாங்க. அதே வண்டியிலதான் பசுபதியும் உக்காந்திருக்கான், தன்னைத்தான் கொல்லப் போறாங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சு போகுது. அங்க நானும் சிரிச்சேன். நம்ம ஊர்ல வாய்க்கால் தகராறுக்கு அருவாளோட கெளம்புனவங்க வழியில டீக்கடையில நின்னு காப்பிக்குச் சர்க்கரை பத்தலைன்னு சண்டை போட்டதை நான் பார்த்திருக்கேன்.

காளையன் வந்தப்புறம்தான் என்னால சிரிக்க முடியல.

காளையன் பழைய ஜமீன் குடும்பமாம். எல்லாத்தையும் தொலைச்சுட்டு ஒரு சேவலையும் சின்னப் பையனையும் கூட்டிக்கிட்டுப் பட்டணத்துல சுத்தறான். பையன் பேரு கொடுக்காப்புளி. (வேலியோரம் நிக்குமே அந்த மரம்தான். மெக்சிகோவுல இருந்து வந்த மரம்னு சொன்னா எங்க ஊர்ல யாரும் நம்ப மாட்டாங்க.) காளையனா நடிச்சவர் குரு சோமசுந்தரம், கூத்துப்பட்டறையில இருந்து வந்தவர். குடிச்சுட்டு நடக்கிற நடையும், பேசப்பேச வாய் ஒரு பக்கமாப் போறதும், கையில காலணா இல்லாம பரம்பரைப் பெருமை அடிக்கிறதும் பார்க்கப் பார்க்க எனக்கு வேர்த்துப்போச்சு. நடிப்புன்னே தோணல. பையன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "செம காமெடிப்பா இந்த ஆளு"ங்கிறான். நான் வெத்தலையை மென்னுக்கிட்டே இருந்தேன்.

சேவல்கட்டைப் பொறுத்தவரைக்கும் இந்தப் படம் மேலோட்டம்தான். அதே வருசம் பொங்கலுக்கு வந்த 'ஆடுகளம்' சேவலைப் பத்தி நல்லாச் சொல்லுச்சு. ஆனா சேவல்ல தோத்தவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு இந்தப் படத்துக்குத்தான் தெரிஞ்சிருக்கு.

அந்த மூஞ்சி எனக்குப் பழக்கம். எங்க அய்யனும் கட்டுச்சேவல் வளர்த்தவர்தான். நான் ஆறாவது படிக்கிறப்போ ஒரு கீரிச் சேவல் வெச்சிருந்தார். எங்களுக்குச் சோளச்சோறு, அதுக்குக் கம்பும் பாதாம் பருப்பும். தினமும் தொட்டியில நீச்சல் விடுவார். பொங்கல் முடிஞ்சு கட்டுக்கு என்னையும் கூட்டிட்டுப் போனார். அஞ்சு நிமிசம்கூட நிக்கல, கத்தி எறங்கி விழுந்திருச்சு. தோத்த சேவல் கோச்சைன்னு ஜெயிச்சவனுக்குப் போயிரும், அதனால எங்களுக்கு அதைச் சுத்திக் கொண்டுபோன துணிதான் மிச்சம். அய்யன் பந்தயம் கட்டுனது கைக்காசு இல்ல, வாய்க்கால் தோட்டம் ஒண்ணேகால் ஏக்கரையும் கெணத்துப் பங்கையும் எழுதித் தர்றேன்னு வாங்கின அட்வான்ஸ்னு அப்போ எனக்குத் தெரியாது. வர்ற வழியில கள்ளு குடிச்சுட்டு வாய்க்கால் கரையில விழுந்தவர் எந்திரிக்கல. விடிய விடியப் பக்கத்துல உக்காந்திருந்தேன். நாய் வந்தா கல்லெடுத்து வீசுவேன். காலையில அம்மாகிட்ட, "அய்யனுக்கு வழியில காய்ச்சல் வந்திருச்சும்மா"ன்னு சொன்னேன்.

வைகாசியில தோட்டம் கிரயமாச்சு. அதே மாசம் அத்தைக்குக் கல்யாணம். தங்கச்சி கல்யாணத்துக்காகத் தோட்டத்தை வித்தார்னு அய்யன் ஊரெல்லாம் பேர் வாங்கினார். உண்மையில அத்தைக்குப் போட்டது எங்க அம்மாவோட நகை. நான் வாயைத் தொறக்கல. நாப்பது வருசமா அத்தை எங்க வீட்டுக்கு வர்றப்ப எல்லாம் அந்தத் தோப்பைப் பார்த்து, "என்னாலதான போச்சு"ன்னு கண்ணைத் தொடைச்சுக்கும். அய்யன் செத்தப்பவும் அதைச் சொல்லித்தான் அழுதுச்சு.

படத்துல அந்தக் கொக்கைன் பை அப்பன் மகன் கையில வந்து மாட்டுது. ரெண்டு கூட்டமும் தொரத்துது. அப்பனைப் பிடிச்சு அடிச்சுப் போட்டுடறாங்க. அத்தனை பெரிய ரவுடிங்ககிட்ட அந்தப் பொடியன் தனியாப் பேரம் பேசறான், எங்கப்பாவை விடுங்கன்னு. உனக்கு உங்கப்பாவை அவ்வளவு பிடிக்குமான்னு ஒரு கேள்வி. அப்படியெல்லாம் இல்லைங்கிறான், ஆனா அவரு எங்க அப்பாங்கிறான். அழுகை இல்ல, மியூசிக்கைப் போட்டுப் பிழியல. கடைக்காரன் விலை சொல்ற மாதிரிச் சொல்லிட்டு நிக்கிறான்.

நான் எந்திரிச்சு மூஞ்சி கழுவப் போயிட்டேன். திரும்பி வந்தப்போ பையன் படத்தை நிறுத்தி வெச்சிருந்தான். "என்னப்பா?"

"அந்த வாய்க்கால் தோப்பு இருக்கே, கண்ணு..."ன்னு ஆரம்பிச்சேன். சொல்லி முடிக்கப் பதினோரு மணி ஆயிருச்சு. எங்க வீட்டுல நெலவுல சாஞ்சு நின்னு கேட்டுட்டு இருந்தாங்க. முப்பது வருசம் கூட வாழ்ந்தவங்களுக்கும் அன்னிக்குத்தான் தெரியும். "அத்தைகிட்டச் சொல்லாம எப்படி இருந்தீங்க?"ன்னு கேட்டாங்க. பதில் வரல. மீதிப் படத்தை மறுநாள் நான் மட்டும் பார்த்தேன். முடிவைச் சொல்ல மாட்டேன். சுப்புன்னு ஒரு பொண்ணு வருது, கடைசி வரைக்கும் அதை மட்டும் விடாமப் பாருங்க.

ஞாயித்துக்கிழமை பையன் வண்டி ஓட்ட, அத்தை ஊருக்குப் போனோம். எம்பது தாண்டிருச்சு, காது மந்தம். பக்கத்துல உக்காந்து சத்தமாத்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு. சேவல், அட்வான்ஸ், காய்ச்சல்னு நான் சொன்ன பொய், எல்லாத்தையும் சொன்னேன். அத்தை பாக்கை இடிச்சுக்கிட்டே கேட்டுச்சு.

"தெரியுஞ்சாமி. கல்யாணத்துக்கு முந்தின நாளே உங்கம்மா சொல்லிப்போட்டா" அப்படின்னுச்சு.

"அப்புறம் ஏனுங்கத்தை வர்றப்பெல்லாம் அப்படிச் சொன்னீங்க?"

அத்தை உலக்கையை நிறுத்தல. பேரனைப் பார்த்து, "சோறு ஆயிருச்சு, கையைக் கழுவிட்டு வா சாமி"ன்னு சொல்லிருச்சு.